ஸ்டார்ட் ஆகுமா என்பது கடைசிக் கேள்வி

பூட்டிக் கிடக்கும் வீட்டு போர்ட்டிகோவிலோ, தோட்டத்து வேப்ப மரத்தடியிலோ வருடக்கணக்கில் நிற்கும் ஒரு பிரீமியர் பத்மினியையோ அம்பாசடரையோ பார்த்து மனம் பறிகொடுத்துவிட்டு என் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமாண்ணே?" என்பதுதான். இந்தக் காலத்து கார்களை விட அந்த எஞ்சின்கள் எளிமையானவை. சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்கலாம், பிஸ்டன் மாற்றலாம், கிராங்க்கைக் கடைந்து பேரிங் போடலாம். வேலை தெரிந்த லேத்காரர் இருக்கும் வரை எஞ்சினைக் காப்பாற்றிவிட முடியும். ஒரு காரை உண்மையில் சாகடிப்பவை இரண்டு: காகிதமும் தகரமும். இந்த இரண்டையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பாதி பிரித்த வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காகிதம். கைவிடப்பட்ட கார் என்று நாம் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அதற்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார். ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான். பெரும்பாலும் அது தாத்தாவின் பெயராக இருக்கும், அவர் காலமாகியிருப்பார், வண்டியை விற்பவர் பேரனாக இருப்பார். அப்போது பெயர் மாற்றத்துக்கான வழக்கமான 29, 30 படிவங்கள் மட்டும் போதாது. முதலில் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் வைத்து, படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகே உங்கள் பெயருக்கு. அண்ணன் தம்பி நான்கு பேரில் ஒருவர் வெளிநாட்டில் இருந்து, இன்னொருவர் பேச்சுவார்த்தையில் இல்லாமல் இருந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்தச் சிக்கல் தீரும் முன் பணம் கொடுக்காதீர்கள்.

கடன் குறிப்பையும் பாருங்கள். அந்தக் காலத்தில் ஃபைனான்ஸில் எடுத்த கார்கள் பலவற்றில் கடன் அடைத்த பிறகும் ஆர்.சி.யில் அந்தக் குறிப்பு நீங்காமலே இருக்கும். அதை நீக்க ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும். கம்பெனியே மூடிப்போயிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு அலையாய் அலைய வேண்டிவரும். பழைய பதிவுகள் பல ஆன்லைனில் ஏறியிருக்காது என்பதும் நினைவிருக்கட்டும். ஆப்பில் நம்பரைத் தட்டி விவரம் வரவில்லை என்றால் பதறத் தேவையில்லை; ஆனால் சம்பந்தப்பட்ட ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நேரில் போய், பழைய பதிவேட்டில் வண்டி இருக்கிறதா, ரத்தாகாமல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பிறகு சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும். துருவை மெதுவாகத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். நம்பர் இருக்கும் இடத்தைச் சுற்றி கிரைண்டர் தடமோ புது வெல்டிங்கோ தெரிந்தால் அந்த வண்டி நமக்கு வேண்டாம். பெட்ரோல் அம்பாசடரில் வேறு வண்டியின் டீசல் எஞ்சினை ஏற்றி ஓட்டியது நம் ஊரில் சகஜம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும் மாற்றங்களைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருக்கிறது.

தெருவோரம் கேட்பாரற்று நிற்கும் வண்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆளே வரவில்லையே, இழுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்தால் என்ன என்று. அது திருட்டு. பொது இடத்தில் கைவிடப்பட்ட வண்டியை அகற்றும் அதிகாரம் 127ஆவது பிரிவின்படி காவல்துறைக்குத்தான் இருக்கிறது. அப்படி எடுத்துச் சென்ற வண்டி ஏலத்துக்கு வந்தால் முறைப்படி எடுக்கலாம். அங்கேயும் ஒரு கவனம் தேவை: ஓட்டுவதற்காக விற்கிறார்களா, கழிவாக விற்கிறார்களா என்று ஏல நிபந்தனையைப் படியுங்கள். கழிவாக எடுத்த வண்டிக்கு ரோட்டுக்கு வரும் வழி கிடையாது. முன்னாள் அரசு அம்பாசடர், ஜீப் என்று ஆசைகாட்டினால் இன்னும் கவனம். 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை.

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும், அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி, இன்சூரன்ஸ், தாமதத்துக்கான தொகை எல்லாம் தனி. எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்த வேண்டும் என்பதால், பேப்பர் வேலையும் பட்டறை வேலையும் கைகோத்துத்தான் போகும்.

இனி தகரம். பத்மினி, அம்பாசடர், மாருதி 800 மூன்றிலும் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். ஆகவே தரையில் துரு ஏறினால் அது அழகுப் பிரச்சினை இல்லை, வண்டியின் முதுகெலும்பே போகிறது என்று அர்த்தம். அம்பாசடரில் முன்பக்க சஸ்பென்ஷனின் டார்ஷன் பார்கள் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் முறுக்குக் கம்பிகள்) பின்னோக்கி ஓடி, முன் சீட்டுக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தில் பிடித்திருக்கும். அந்த இடம் மக்கிப்போயிருந்தால், வெளியே பளபளவென்று இருக்கும் வண்டியும் ஓட்டத் தகுதியற்றதுதான். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மட்டும் தனி சேசிஸ் மேல் உட்கார்ந்த வண்டி. அதில் பாடியைத் தூக்கி வைத்துவிட்டு வேலை பார்க்க முடியும், ஆனால் கண்ணாடி, பீடிங், பாடி பாகங்கள் கிடைப்பதுதான் பாடு.

வண்டி பார்க்கப் போகும்போது ஒரு சின்ன காந்தமும், மழுங்கிய ஸ்க்ரூடிரைவரும், டார்ச்சும் கொண்டு போங்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு, கதவின் அடிப்பாகம், சக்கர வளைவு எங்கும் வையுங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்டுக்குக் கீழே தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. மேட்டைத் தூக்கிவிட்டுத் தரையை ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் தகரம் உயிரோடு இருக்கிறது. பொத்பொத்தென்று கேட்டால் அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருக்கிறது. பேட்டரி தட்டுக்குக் கீழே, பின் லீஃப் ஸ்பிரிங் பிடித்திருக்கும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியின் ஸ்டெப்னி குழி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். மரத்தடியில் நின்ற வண்டி என்றால் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். இலைச் சருகு விழுந்து தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்து, அது மக்கி, ஈரம் வருடம் முழுக்க அங்கேயே நின்றிருக்கும். அங்கே பிடித்த துருவைப் பார்க்க டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட வேண்டும். யாரும் விடுவதில்லை.

ஊரும் முக்கியம். பல்லடம், தாராபுரம் பக்கம் சிமென்ட் தரையில், ஷெட்டுக்குள் நின்ற வண்டியும், தூத்துக்குடியில் கடற்காற்றில் நின்ற வண்டியும் ஒரே வருட மாடலாக இருந்தாலும் ஒன்றல்ல. மண் தரையில் நின்றது கீழிருந்து ஈரத்தை இழுத்திருக்கும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியபின் அப்படியே விடப்பட்ட கார்கள் இன்றும் விலைக்கு வருகின்றன. கதவுப் பலகையைக் கழற்றிப் பாருங்கள், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கோடு தெரிந்தால் வயரிங் முழுவதையும் புதிதாகப் போடும் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள்.

வண்டியைத் தொடும் முன் இன்னொன்று. பல வருடம் மூடிக் கிடந்த கார் சும்மா இருப்பதில்லை. பானெட்டைத் திறந்து சற்று விலகி நின்று, கம்பால் தட்டிவிட்டு அப்புறம் கையை நுழையுங்கள். சீட்டுக்கு அடியிலும் ஏர் கிளீனருக்குள்ளும் எலிக்கூடு இருக்கும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். எலி மூத்திரம் பட்ட பஞ்சை வெறும் கையால் அள்ளினால் எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு உண்டு. கையுறையும் மாஸ்க்கும் போடுங்கள். பிரேக் டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூளை ஏர் வைத்து ஊதவே கூடாது. பழைய லைனிங், கிளட்ச் பிளேட்டுகளில் அஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. தண்ணீரில் நனைத்துத் துணியால் துடைத்தெடுங்கள். வேலை கற்கும் பையன்களை வைத்து இதைச் செய்விக்கும் பட்டறைகளைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது.

சரி, எஞ்சினுக்கு வருவோம். வண்டி வீட்டுக்கு வந்த அன்றே பேட்டரி போட்டு செல்ஃப் அடிப்பதுதான் பலரும் செய்வது. வருடக்கணக்கில் சுற்றாத எஞ்சினில் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். பலவந்தமாகச் சுற்றினால் ரிங் உடைந்து சுவரைக் கீறும். ரிங் மாற்றினால் போதும் என்றிருந்த வேலை போர் அடிக்கும் வேலையாகிவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சில ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். அப்புறம் கையால்தான் சுற்றிப் பார்க்க வேண்டும், முன்னும் பின்னுமாக, கொஞ்சம் கொஞ்சமாக. பழைய ஆயிலை வடித்துவிடுங்கள். பால் கலந்த டீ போல வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட்டைக் கழற்றாமல் ஓட்டாதீர்கள். மாருதி 800 என்றால் டைமிங் பெல்ட்டை மாற்றாமல் செல்ஃப் மேல் கை வைக்கக் கூடாது.

டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பெயின்ட் வாடை அடிக்கும் கோந்தாகியிருக்கும். அதை முழுக்க வடித்து, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். காலி டேங்குதானே என்று ஓட்டைக்கு வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். பெட்ரோலை விட ஆபத்தானது டேங்கில் தங்கியிருக்கும் ஆவி. அது வெடித்து ஆளைக் கொன்றிருக்கிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், ஏ.சி. பம்ப் எனப்படும் பெட்ரோல் பம்பின் டயாஃபிரம், கார்புரேட்டர் வாஷர் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவதுதான் பழைய கார்கள் எரிவதற்கு முக்கியமான ஒரு காரணம். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் ஹெட் வார்ப்பிரும்பு. நாடு முழுக்க 2000 பிப்ரவரியிலிருந்து ஈயமில்லாத பெட்ரோல்தான் விற்கிறது. வால்வு சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். அதனால் அதற்கு முன்பே நின்றுபோன வண்டியில் ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் போட்டுவிடச் சொல்லுங்கள்.

எஞ்சின் ஓடும் முன்பே பிரேக் வேலை முடிந்திருக்க வேண்டும். ஓடும் வண்டியைப் பார்த்தால் ஒரு ரவுண்டு போகத் தோன்றும், அதனால்தான் இந்த வரிசை. முந்தைய காலத்து பத்மினி, அம்பாசடர்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் பெடல் மொத்தமாகத் தரைக்குப் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், பிரேக் ஆயில் என எல்லாவற்றையும் மாற்றுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2312 என்றால் 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

உதிரி பாகம் பற்றிச் சுருக்கமாக. 2014 வரை தயாரானதால் அம்பாசடருக்கு மெக்கானிக்கல் சாமான் இன்னும் சிரமமில்லாமல் கிடைக்கிறது. பத்மினிக்கு மும்பை டாக்சிகள்தான் சாமான் சந்தையை உயிரோடு வைத்திருந்தன. 2023 அக்டோபரோடு அவை ரோட்டிலிருந்து போய்விட்டன. இனி நாளாக ஆகத் தட்டுப்பாடு கூடும். சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் தேடுவதற்கு முன் உங்கள் வண்டியில் இல்லாத கண்ணாடி, மீட்டர், கைப்பிடி, பீடிங் எவை என்று படத்தோடு எழுதிக்கொண்டு போங்கள். பெயின்ட் கடைசி. நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

50 ஆண்டு கடந்த, உருமாறாத வண்டி என்றால் 2021 ஜூலையில் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு கேட்கலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் அந்தப் பதிவோடு அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அதில் கொண்டுபோய் விடும் ஆசை இருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பியுங்கள்.

எல்லாம் பார்த்தபின், தரை முழுக்கப் போயிருக்கிறது, இது தேறாது என்று முடிவானால் அதிலும் அவமானம் ஒன்றுமில்லை. அதன் கதவும் கண்ணாடியும் கியர் பாக்ஸும் வேறு இரண்டு வண்டிகளை ரோட்டுக்குக் கொண்டுவரும். ஆனால் பிரிப்பதாக இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவின்படி உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்துசெய்ய வேண்டும். சேசிஸ் நம்பர் உள்ள தகட்டையும் ஆர்.சி.யையும் மட்டும் நல்ல விலைக்குக் கேட்டு ஆட்கள் வருவார்கள். திருட்டு வண்டிக்கு அந்த நம்பரை மாட்டத்தான் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டால் நாளை காவல்துறை தேடி வருவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் வீட்டுக்கு. ரத்தான உத்தரவின் நகலை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்ட பிறகு ஸ்பானரை எடுங்கள்.