சொல் விளக்கம்: டைமிங் செயின்

தமிழில்: நேர ஒழுங்குச் சங்கிலி. எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டின் (வணரித்தண்டு) சுழற்சியை, மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுக்கு (நெம்புருள் தண்டு) கொண்டுபோகும் எஃகுச் சங்கிலி இது. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்ற வேண்டும். அதனால்தான் கேம் பற்சக்கரத்தில் பற்கள் இரு மடங்கு.

செயின் என்ற சொல் லத்தீன் 'கடேனா'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நாம் சொல்லும் சங்கிலி, வடமொழிச் 'சிருங்கலா' பிராகிருதத்தில் தேய்ந்து நம்மிடம் வந்த வடிவம். தமிழில் 'தொடர்' என்றும் ஒரு சொல் உண்டு. புறநானூற்றின் 74ஆம் பாட்டில் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை சொல்லும் 'தொடர்ப்படு ஞமலி', சங்கிலியில் கட்டிய நாய்தான். இன்று தொடர் என்றால் தொலைக்காட்சிதான் நினைவுக்கு வரும் என்பதால் சங்கிலியே இருக்கட்டும். அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் 'கண்ணி' என்ற நல்ல சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

சிக்கல் 'டைமிங்'கில்தான். இங்கே நேரம் என்பது நொடிக்கணக்கு அல்ல, கோணக்கணக்கு. கிராங்க் இத்தனை பாகை திரும்பும்போது இந்த வால்வு திறக்க வேண்டும் என்பதே டைமிங். வண்டி சிக்னலில் நின்றாலும் விரைவுச்சாலையில் பறந்தாலும் கிராங்குக்கும் கேமுக்கும் உள்ள அடிப்படைப் பொருத்தம் அதேதான். 'காலச் சங்கிலி', 'நேரச் சங்கிலி' என்று மொட்டையாகப் பெயர்த்தால் கடிகார உதிரிப்பாகம் போல ஒலிக்கிறது. சிங்கப்பூரின் சின் மிங், காக்கி புக்கிட் பட்டறைகளில் சீன மெக்கானிக் 'செங்ஷி லியன்தியாவ்' என்பார். 'செங்ஷி' என்றால் சரியான நேரம். அந்தச் 'சரி'யைத்தான் தமிழில் 'ஒழுங்கு' சுமக்கிறது. எழுத்தில் நேர ஒழுங்குச் சங்கிலி என்று எழுதலாம். பட்டறையில் டைமிங் செயின் என்றே சொல்லுங்கள், வேலை விரைவில் நடக்கும்.

பொருளின் பிறப்பையும் சொல்லிவிடலாம். மான்செஸ்டரில் தொழில் நடத்திய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் புஷ் (சிறு உலோகக் குழல்), உருளை கொண்ட சங்கிலியையும் 1885இல் ஓசை குறைந்த பற்சங்கிலியையும் உருவாக்கினார். இன்றைய எஞ்சின்களில் இருப்பவை இவ்விரண்டின் வழித்தோன்றல்கள். ரப்பர் டைமிங் பெல்ட் வேறு. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரோடு அது பெருமளவு உற்பத்திக்கு வந்தது. பெல்ட்டுக்கு மாற்றும் கெடு உண்டு, செயினுக்குப் பெரும்பாலும் கெடு குறிப்பிடுவதில்லை. 'ஆயுள் முழுக்க வரும்' என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான்.

அடுத்து, 'செயின் இழுபட்டுவிட்டது' என்ற வழக்கு. உண்மையில் எஃகுத் தகடு ரப்பர் போல இழுபடுவதில்லை. கண்ணிகளைக் கோக்கும் முளையும் அதைச் சூழ்ந்த புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை இடைவெளி கூடுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணி இடைவெளி 8 மில்லிமீட்டர், கிராங்கிலிருந்து கேம் வரை இறுகி ஓடும் பக்கத்தில் 50 கண்ணிகள். மூட்டுக்கு 0.04 மில்லிமீட்டர் தேய்ந்தால் மொத்தம் 2 மில்லிமீட்டர், அதாவது கால் கண்ணி. கிராங்க் சக்கரத்தில் 18 பற்கள் இருந்தால் ஒரு பல்லுக்கு 20 பாகை. ஆகவே கேம், கிராங்க் கணக்கில் 5 பாகை பின்தங்கிவிடும். ஒரு பல்லே தாண்டிவிட்டால் 20 பாகை. பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்துக்கு வந்துபோகும் வகை எஞ்சின்களில் இன்னும் ஓரிரு பல் தாண்டினால் வால்வு வளையும்.

டென்ஷனர் (இறுக்கி) இருக்கிறதே என்பார்கள். அது தளர்ந்த பக்கத்தை மட்டுமே இறுக்கும்; சத்தத்தை அடக்கும், பின்தங்கிய கோணத்தைத் திருத்தாது. சத்தமே இல்லாத வண்டியில் எஞ்சின் விளக்கு எரிந்து பி0016 என்ற பிழைக் குறியீடு (கிராங்க்–கேம் நிலை பொருந்தவில்லை) வருவது இதனால்தான். அதே குறியீடு சென்சார் கோளாறிலும் வரும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பின் எண்ணெய் வால்வு அடைபட்டாலும் வரும்; குறியீட்டை மட்டும் பார்த்துச் செயினை மாற்றச் சொல்பவரிடம் நிதானமாகப் பேசுங்கள்.

தேய்மானத்துக்கு முதல் காரணம் எண்ணெய். முளைக்கும் புஷ்ஷுக்கும் நடுவே நிற்க வேண்டிய எண்ணெய்ப்படலத்தில் கரி கலந்தால் அதுவே அரம். நேரடி எரிபொருள் செலுத்தும் டர்போ எஞ்சின்களில் கரி அதிகம் சேரும்; குறும்பயணங்களில் பெட்ரோலும் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். 2020 மே மாதம் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரம் (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் எஞ்சின் எண்ணெய்த் தரம்) இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறது: ஃபோர்டின் 2.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் எஞ்சினை 216 மணி நேரம் ஓட்டியபின் செயின் நீட்சி 0.085 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எண்ணெய் டப்பாவில் 'எஸ்.பி.' எழுத்தைப் பாருங்கள். தடிமன் எண் கையேட்டில் உள்ளதே இருக்கட்டும். நெரிசலில் ஊர்ந்து, பள்ளி வாசலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் சிங்கப்பூர் ஓட்டத்தைக் கையேடுகள் 'கடும் பயன்பாடு' என்றே வகைப்படுத்தும். அந்தப் பத்தியில் எண்ணெய் மாற்றச் சொல்லும் குறுகிய இடைவெளிதான் நமக்கு. எண்ணெய் அளவைக் குச்சியில் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்கள். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர் தளரும்.

அறிகுறி தேட வேண்டிய நேரம், இரவு முழுக்க நின்ற வண்டியின் முதல் ஸ்டார்ட். பானெட்டைத் திறந்துவைத்து, செயின் உறைப்பக்கம் காது கொடுங்கள். ஓரிரு நொடி கரகரத்து அடங்கினால் டென்ஷனரில் எண்ணெய் வடிந்திருக்கிறது. எண்ணெய் திரும்பாமல் தடுக்கும் வால்வு உள்ள நல்ல ஃபில்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே யோசிக்கலாம். சூடான பிறகும் கரகரத்தால் திறந்தே ஆக வேண்டும். கட்டாய வாகனச் சோதனையில் தேறியதால் செயின் நலம் என்று கொள்ள வேண்டாம். அங்கே எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதில்லை. சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடியும் நிலையிலுள்ள வண்டியை இன்னும் 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்க நினைப்பவர், பணம் கட்டும் முன்பே இந்த முதல் ஸ்டார்ட் சத்தத்தைக் கேட்டுவிடுவது நல்லது.

மாற்றுவதென்றால் செயினை மட்டும் மாற்றுவது அரைவேலை. டென்ஷனர், பிளாஸ்டிக் வழிகாட்டிகள், பற்சக்கரங்கள், முன்பக்க ஆயில் சீல் எல்லாம் சேர்ந்தே மாற வேண்டும். தேய்ந்த பல் புதுச் செயினைத் தின்றுவிடும். முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, நிறமிட்ட கண்ணிகளைப் பற்சக்கரக் குறிகளோடு பொருத்தி, டென்ஷனரின் பூட்டு முளையைக் கடைசியில் உருவ வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்யாமல், கிராங்கைக் கையால் அது ஓடும் திசையிலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். சக்கரக் குறிகள் மீண்டும் பொருந்தும். நிறக்கண்ணிகள் பொருந்தாது, அதைக் கண்டு பதற வேண்டாம். உடைந்த வழிகாட்டித் துண்டுகள் எண்ணெய்த் தொட்டியில் விழுந்து உறிஞ்சுகுழாயின் சல்லடையை அடைக்கும். தொட்டியைக் கழற்றித் துடைக்கும் கூலி விலைச்சீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள்; இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.