நாய்க் கட்டியில் படிக்கும் மனிதப் புற்றுநோய்

ஸ்காட்டிஷ் டெரியர் வளர்ப்பவர்கள் அதிகம் பயப்படும் நோய் சிறுநீர்ப்பைப் புற்றுநோய். மற்ற நாய்களைவிட இந்த இனத்துக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருபது மடங்கு. நாய் அடிக்கடி முக்கி முக்கிச் சிறுநீர் கழிக்கும், அதில் ரத்தம் தெரியும். சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கும் இவையேதான் அறிகுறிகள் என்பதால் முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்ப்பார்கள். கொஞ்ச நாள் சரியானதுபோல இருக்கும், அப்புறம் திரும்ப வரும். ஸ்கேன் எடுக்கிற நேரத்தில் பல நாய்களுக்குக் கட்டி சிறுநீர்ப்பையின் தசைக்குள்ளேயே இறங்கியிருக்கும்.

2015இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் இந்தக் கட்டிகளின் மரபணு வரிசையைப் படித்தன. ஒன்று தேசிய சுகாதார நிறுவனத்தில் எலைன் ஆஸ்ட்ராண்டரின் குழு, மற்றொன்று வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ பிரீனின் குழு. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. பெரும்பாலான கட்டிகளில் பி-ராஃப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. தைமின் என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அடினின் என்ற எழுத்து. அதனால் அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் போய், குளூட்டமிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து கட்டளை வந்தால் மட்டும் 'பெருகு' என்ற செய்தியை உள்ளே கடத்த வேண்டிய புரதம் இது. மாறிய புரதமோ கட்டளை வராமலே செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். செல்லும் பிரிந்துகொண்டே போகும்.

மனிதப் புற்றுநோய் மருத்துவர்களுக்கு இது பழக்கமான பிழை. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் ஏறத்தாழ பாதி பேருக்கு இதே மாற்றம் இருக்கிறது. மனிதப் புரதத்தில் 600ஆவது இடம், நாயில் 595ஆவது இடம் என்று எண்தான் வேறு, புரதத்தின் அந்தப் பகுதி ஒன்றுதான்.

இப்படி ஓர் எழுத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நாயின் மரபணுத் தொகுதியில் சுமார் 240 கோடி எழுத்துகள். கட்டியிலிருந்து ஒரு துண்டும் அதே நாயின் ரத்தமும் எடுக்கிறார்கள். இரண்டிலிருந்தும் டி.என்.ஏ.வைப் பிரித்து, சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, இயந்திரத்தில் படிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் நூற்றைம்பது எழுத்து அளவுக்குத்தான் படிக்க முடியும். அதனால் அந்தத் துண்டுகளை ஏற்கெனவே முழுதாகப் படித்து வைத்த ஒரு நாயின் வரிசைமேல் பொருத்திப் பார்க்க வேண்டும். டாஷா என்ற பாக்ஸர் இனப் பெண் நாய் அந்த மூல வரிசையைத் தந்தது, 2005இல் அது வெளியானது. ஒவ்வோர் இடத்தையும் பல தடவை படித்தால்தான் இயந்திரத்தின் தவறு எது, உண்மையான மாற்றம் எது என்று தெரியும். ரத்தம், கட்டி இரண்டிலுமே ஒரு மாற்றம் இருந்தால் அது பிறவியிலேயே வந்தது. கட்டியில் மட்டும் இருந்தால் அது புற்றுநோயோடு வந்தது.

சிக்கல் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஒரு கட்டியில் இப்படி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூட மாற்றங்கள் இருக்கலாம். நோயை நடத்துவது அவற்றில் சில மட்டுமே. ஆய்வாளர்கள் அவற்றை ஓட்டுநர்கள் என்கிறார்கள். மீதியெல்லாம் கூடவே ஏறிக்கொண்ட பயணிகள். மருந்து ஓட்டுநரைக் குறிவைக்க வேண்டும், ஆனால் பட்டியலைப் பார்த்தால் யார் ஓட்டுநர் என்று தெரியாது. நாய் இங்கேதான் உதவுகிறது. நாயும் மனிதனும் பொதுவான மூதாதையிடமிருந்து பிரிந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தற்செயலாக விழுந்த பிழைகள் இரண்டு உயிரினங்களிலும் ஒரே எழுத்தில் மறுபடி மறுபடி விழ வாய்ப்பு மிகக் குறைவு. அப்படி விழுந்திருந்தால், அந்த மாற்றம் செல்லுக்கு ஏதோ ஆதாயம் தருகிறது என்று நம்பலாம். நாய்க் கட்டிகளை வரிசைப்படுத்துவதில் கிடைக்கும் மிகப் பெரிய பலன் இதுதான் என்பது என் கருத்து.

ஆய்வுக்கூட எலிக்கு நாம்தான் புற்றுநோயை உண்டாக்குகிறோம். மனிதக் கட்டியை அதன் உடலில் வளர்க்க, பல சமயம் நோய் எதிர்ப்பு சக்தியையே இல்லாமல் செய்துவிடுகிறோம். நாய்க்கு நோய் தானாக, வயதான காலத்தில், முழு எதிர்ப்பு சக்தியோடு இருக்கும்போது வருகிறது. நம் வீட்டில், நாம் சுவாசிக்கும் காற்றில், நாம் நடக்கும் புல்லில் அது வாழ்கிறது. களைக்கொல்லி தெளித்த புல்வெளிகளில் திரிந்த ஸ்காட்டிஷ் டெரியர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததை பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு 2004இல் சுட்டிக்காட்டியது.

பி-ராஃப் கண்டுபிடிப்பு நாய்களுக்கும் உடனே பயன்பட்டது. கட்டியிலிருந்து உதிரும் செல்கள் சிறுநீரில் கலந்து வருவதால், சிறுநீரிலேயே அந்த ஓர் எழுத்தைத் தேடும் சோதனை வந்துவிட்டது. கத்தி வைக்காமல், சில நாய்களில் அறிகுறி தெரியும் முன்பே, நோயைப் பிடிக்க முடிகிறது.

மனிதர்களுக்கு மெலனோமாவில் கொடுக்கும் வெமுராஃபெனிப் மருந்தை பர்டியூவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்த 24 வளர்ப்பு நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 9 நாய்களில் கட்டி நன்றாகச் சுருங்கியது. ஆனால் சில மாதங்களில் நோய் மருந்தைத் தாண்டி மறுபடி வளர்ந்தது. சில நாய்களுக்குத் தோலில் புதிய கட்டிகளும் வந்தன. மனித நோயாளிகளிடமும் இந்த மருந்தால் இதே இரண்டும்தான் நடந்தன. மருந்துக்கு எதிர்ப்பு எப்படி உருவாகிறது, எந்த மருந்தைக் கூடச் சேர்த்தால் தள்ளிப்போடலாம் என்பதை இந்த நாய்களிடம் ஆராயலாம் என்ற நம்பிக்கை இதிலிருந்துதான் வருகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனிதரின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இந்த பி-ராஃப் மாற்றம் அபூர்வம். அதனால் உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டு, நாய்க்கு வேலை செய்தது நமக்கும் செய்யும் என்று முடிவுகட்ட முடியாது. எந்த மரபணு உடைந்திருக்கிறது, எந்தச் செய்திப் பாதை அடங்காமல் ஓடுகிறது என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எலும்புப் புற்றுநோயான ஆஸ்டியோசர்கோமாவில் இந்த ஒப்பீடு இன்னும் நெருக்கமானது. மனிதர்களில் இது பெரும்பாலும் வளரும் பிள்ளைகளின் முழங்காலருகே வருகிறது, நாய்களில் ராட்வைலர், கிரேஹவுண்ட் போன்ற பெரிய இனங்களின் கால்களில். டிபி53 என்ற காவல் மரபணு சிதைந்திருப்பது இருவருக்கும் பொது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கும் குறைவாகவே இது வருகிறது, நாய்களிலோ பத்தாயிரத்துக்கு மேல். காலை எடுத்த பிறகும் பல நாய்களுக்கு ஓராண்டுக்குள் நோய் நுரையீரலுக்குப் பரவிவிடுகிறது. பிள்ளைகளிடம் புதிய மருந்தைச் சோதிக்கப் போதிய நோயாளிகளைச் சேர்க்கவே பல ஆண்டுகள் ஆகும். நுரையீரலுக்குப் பரவுவதை அந்த மருந்து தடுக்கிறதா என்ற கேள்விக்கு, நாய்களிடம் ஓரிரு ஆண்டுகளில் விடை கிடைத்துவிடும். அந்த நாய்க்கும் அது ஒரு சிகிச்சைதான்.