திருத்தமா, மாற்றமா? மனு எழுதுமுன் ஒரு நிமிடம்

பேரில் ஓர் எழுத்து தப்பாக விழுந்திருக்கும், நேராக அலுவலகத்துக்குப் போய் "பேர் மாத்தணும்" என்று சொல்லிவிடுவோம். அங்கே அதற்கு அர்த்தமே வேறு. முதலில் பதிவானதே பிழை என்றால் அது திருத்தம். பதிவானபோது சரியாகத்தான் இருந்தது, இப்போது வேறு வேண்டும் என்றால் மாற்றம்.

என் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயரின் கடைசி 'ள்' விடுபட்டிருந்தது. மனுவில் விவரம் தெரியாமல் "பெயர் மாற்றம்" என்று எழுதிவிட்டேன், அரசிதழில் (கெஜட்டில்) வெளியிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா எதற்குத் தன் பெயரை மாற்ற வேண்டும்? பிறகு "பிழைத் திருத்தம்" என்று எழுதி, அம்மாவின் பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழை இணைத்தேன், வேலை முடிந்தது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. பிழை என்று நிரூபித்தால் பதிவாளர் பழைய வரியை அழிக்க மாட்டார், ஓரத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடுவார். பதிவானபோதே பிழை என்று காட்ட வேண்டும், அதனால் ஆதாரம் எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது.

உண்மையிலேயே புதுப் பெயர் வைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் அரசிதழ். தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

நிலத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். வாங்கினாலோ, பாகம் பிரித்தாலோ, வாரிசாக வந்தாலோ பட்டா மாறுதல், அது வருவாய்த் துறை வேலை. கிரயப் பத்திரத்தில் சர்வே எண்ணோ எல்லையோ தவறாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பிழைத்திருத்தல் பத்திரம் பதிய வேண்டும், அதற்கு எழுதிக்கொடுத்தவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பத்து வருடம் கழித்து அவரை எங்கே போய்த் தேடுவது? பதிவுக்கு முன்பே வரைவை வரிவரியாக, தாய்ப் பத்திரத்தை, அதாவது அதே நிலத்தின் முந்தைய பத்திரத்தை, பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துவிடுங்கள்.

அப்புறம் வாக்காளர் பட்டியல். இங்கே மட்டும் எழுத்துப் பிழை, வீடு மாறியது இரண்டுக்கும் ஒரே படிவம் 8. உள்ளே எதற்காக என்று சரியான கட்டத்தில் டிக் அடித்தால் போதும். வீடு மாறியவர்கள் படிவம் 6-ஐ எடுக்காதீர்கள், அது முதல்முறை பெயர் சேர்ப்பவர்களுக்கு.