ஒரே மலை, இரண்டு இறக்கம்: வெள்ளை நீர் ஆற்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

காவிரியும் பாராபோல் ஆறும் பிரம்மகிரி மலைத்தொடரில்தான் பிறக்கின்றன. பாராபோல் மேற்கே சரிந்து, வளபட்டணம் ஆற்றில் கலந்து, நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் அரபிக் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. காவிரி கிழக்கே திரும்புகிறது. கையிலிருக்கும் சுமார் 1,300 மீட்டர் உயரத்தை 800 கிலோமீட்டருக்கு இழுத்து இழுத்துச் செலவு செய்கிறது. பெரும்பங்கை மேலேயே தீர்த்துவிடுகிறது. சிவசமுத்திரத்தில் மட்டும் ஒரே மூச்சில் ஏறக்குறைய 100 மீட்டர் போய்விடும். கல்லணைக்கு வரும்போது மிச்சம் சுமார் 60 மீட்டர். அதை வைத்துக்கொண்டுதான் பூம்புகார் வரை ஓட வேண்டும். கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இறக்கம் கிடையாது.

அதனால்தான் ஆடி மாதம் பாராபோலில் ராஃப்டிங் படகுகள் தூக்கிப் போடப்படும்போது, கும்பகோணத்தில் காவிரி பாலத்தடியில் அலுங்காமல் போய்க்கொண்டிருக்கிறது. டெல்டாவிலிருந்து கர்நாடகத்தின் தாண்டேலிக்கும் ரிஷிகேஷுக்கும் வெள்ளை நீரில், அதாவது நுரைத்துப் பாயும் ஆற்றில், துடுப்புப் போடக் கிளம்புகிற பிள்ளைகள் வீடியோ பார்த்து இடத்தை முடிவு செய்கிறார்கள். வீடியோவில் எல்லா ஆறும் ஒரே மாதிரிதான் நுரைக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு இறக்கம்.

முதல் எண் நமக்குப் பழக்கமானது. மேட்டூருக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று பேப்பரில் பார்த்துத்தான் இங்கே நாற்றங்காலே போடுகிறோம். ஒரு கன அடி என்றால் வினாடிக்கு சுமார் 28 லிட்டர். 10,000 கன அடி என்றால் வினாடிக்கு 283 டன் தண்ணீர். இரண்டாவது எண்ணை யாரும் கேட்பதில்லை. ஆனால் குணத்தை மாற்றுவது அதுதான். கிலோமீட்டருக்கு 0.4 மீட்டர் இறங்கும் ஆற்றில் அந்த 10,000 கன அடி ஓடினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் வெளிப்படும் சக்தி சுமார் 1,100 வாட். ஆற்றின் மொத்த அகலத்துக்கும் சேர்த்து ஒரு இஸ்திரிப் பெட்டி இழுக்கிற அளவு! அதே தண்ணீரைக் கிலோமீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் பள்ளத்தாக்கில் விட்டால் கிட்டத்தட்ட 14,000 வாட். நம் ஊரில் அந்தச் சக்தி மணலைத் தேய்ப்பதிலும் வண்டலைத் தூக்கி வருவதிலும் சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறது. அங்கே அலையாகவும் நுரையாகவும் இரைச்சலாகவும் வெளியே வருகிறது.

சராசரி இறக்கத்தை மட்டும் நம்பினாலும் ஏமாந்துபோவோம். ஒரே மாதிரிச் சரிந்துகொண்டே போகும் ஆறு ஒரு வகை. ஒரு ரேபிட் (நீர் சட்டென்று இறங்கி நுரைக்கும் இடம்), அப்புறம் ஆழமான அமைதியான மடு, மறுபடி ஒரு ரேபிட் என்று படிப்படியாக இறங்குவது இன்னொரு வகை. சராசரி ஒன்றாகவே இருக்கலாம். புதியவருக்கு இரண்டாவதுதான் ஏற்றது. கவிழ்ந்தாலும் மடுவில் படகைப் பிடித்துக் கரை சேரலாம். முதல் வகையில் கவிழ்ந்தால் மூச்சு வாங்கக்கூட இடம் கிடைக்காது. படி விழுவதற்குக் காரணம் கல். கடினமான பாறை தேயாமல் நின்றால் ஒரு படி; பக்க ஓடை வெள்ளத்தில் பாறாங்கற்களை உருட்டிவந்து வாயில் குவித்தால் ஒரு படி. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றின் பெரும்பாலான ரேபிட்கள் இரண்டாவது விதத்தில் உண்டானவை. டெல்டாவில் அதற்கு வழியே இல்லை. தஞ்சைப் பெரிய கோவிலுக்கே வெளியிலிருந்துதான் கல் வந்தது.

இருந்தாலும் டெல்டாவில் வெள்ளை நீர் உண்டு, சட்ரஸில், அதாவது பலகையைத் தூக்கித் தண்ணீர் திறக்கும் மதகில். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு மாதிரி ஒரு இடத்தில், பலகையைக் கொஞ்சமாகத் தூக்கியிருக்கும்போது நின்று பாருங்கள். மேல்பக்கம் தண்ணீர் தளும்பி நிற்கிறது. அதில் ஒரு கல்லை எறிந்தால் வட்டம் நாலா பக்கமும் விரியும், ஓட்டத்தை எதிர்த்தும் ஏறும். பலகைக்கு அடியிலிருந்து வெளிவரும் தண்ணீரோ கண்ணாடித் தகடு போல வழவழப்பாக, பார்ப்பதற்கு அப்பாவியாக இருக்கும். அங்கே கல்லைப் போட்டால் சுவடே தெரியாது. ஆழமில்லாத நீரில் அலை போகும் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. கால் மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு ஒன்றரை மீட்டர்தான். மேலே இரண்டு மீட்டர் தண்ணீர் நின்றால் பலகைக்கடியில் அது வினாடிக்கு சுமார் ஆறு மீட்டர் பாயும். அலையை முந்திவிட்ட தண்ணீர் அது.

இப்படிச் சீறி வரும் நீர், கீழே மெதுவாக நிற்கும் ஆழமான நீரில் மோதுகிற இடத்தில் சட்டென்று எழும்பி நுரைக்கிறது. பொறியாளர்கள் இதை ஹைட்ராலிக் ஜம்ப் என்பார்கள். இது தற்செயல் இல்லை. சிமெண்ட் தளத்தின் மேலேயே தண்ணீர் தன் வேகத்தைத் தொலைக்கட்டும், கீழே உள்ள மணலை அரிக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள். ஆனால் அந்த நுரையின் மேல்பரப்பு பின்னோக்கி, அணையை நோக்கி ஓடுகிறது. அதில் மாட்டிய வாழைமட்டையைக் கவனியுங்கள். கீழே அமுங்கும், இரண்டு முழம் தள்ளி எழும்பும், திரும்ப இழுபட்டு மறுபடி அமுங்கும். ஆள் விழுந்தாலும் இதே கதிதான். நுரையில் பாதி காற்று என்பதால் லைஃப் ஜாக்கெட்டும் வழக்கம்போலத் தூக்காது.

மலை ஆற்றில் பாறைக்குப் பின்னாலும் இதேதான் நடக்கிறது. துடுப்புக்காரர்கள் ஹோல் என்பார்கள். வித்தியாசம் வடிவத்தில் இருக்கிறது. பாறை ஒரு இடத்தில் முடிந்துவிடும், அதன் ஓரம் வழியே ஓட்டம் வெளியே இழுத்துப் போட்டுவிடும். ஹோலின் இரு முனைகளும் ஓட்டத்தின் போக்கில் வளைந்திருந்தால் ஆளைப் பக்கவாட்டில் துப்பிவிடும். எதிர்ப்பக்கம் வளைந்திருந்தால் நடுவுக்கே இழுக்கும். ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டிய படுகை அணையோ கரைக்குக் கரை நேர்கோடு. தப்பிக்க முனையே இல்லை. ஒரு மீட்டர் விழும் படுகை அணை, இரண்டு மீட்டர் விழும் பாறைச் சரிவைவிடப் பொல்லாதது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். தாண்டேலிக்குப் போகுமுன் இங்கே பழகிக்கொள்ளலாம் என்று டியூப் போட்டுக்கொண்டு இறங்குவதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

தண்ணீரின் முகத்தைப் படிப்பது அவ்வளவு கடினமில்லை. ஓட்டத்தின் போக்கில் கூர்முனை காட்டும் நாக்கு போன்ற வழவழப்பு, இரண்டு பாறைகளுக்கு நடுவே வழி இருப்பதன் அடையாளம். கூர்முனை மேல்நோக்கி இருந்தால் அங்கே நீருக்கடியில் பாறை. பாறைக்கு நேர் பின்னால் எதிரோட்டம். படகை நிறுத்தி அடுத்ததைப் பார்க்க அதுதான் இடம். எந்த ஆற்றிலும் நுரையைவிடப் பயப்பட வேண்டியது சாய்ந்த மரம். நெய்வேலி காட்டாமணக்குப் புதர் வழியாகத் தண்ணீர் புகுந்து போய்விடும். சிக்கிய ஆள் போக முடியாது. மலையில் அதையே மூங்கில் செய்கிறது.

சரி, எங்கே போவது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். மழை ஆறு என்றால் பாராபோல், கோழிக்கோடு மாவட்டத்து இருவஞ்சிப்புழா, சாலிப்புழா. கோடஞ்சேரிப் பக்கம் 2013-இல் தொடங்கிய கயாக் (சிறு துடுப்புப் படகு) விழா இருவஞ்சிப்புழாவிலும் சாலிப்புழாவிலும் நடக்கிறது. சின்ன நீர்ப்பிடிப்பு, செங்குத்தான இறக்கம். மலையில் ஒரு மழை பெய்தால் சில மணி நேரத்தில் வேறு ஆறாகிவிடும். அணை ஆறு என்றால் தாண்டேலியின் காளி: சூப்பா அணையில் திறந்தால்தான் படகு. பனி உருகும் ஆறு என்றால் லடாக்கின் சன்ஸ்கார். அங்கே வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலுக்குமேல் நீர் கூடும். காலையில் பார்த்த பாறை மாலையில் ஹோலாகியிருக்கும். விழுந்தால் குளிரே பாதி பலத்தை வாங்கிவிடும்.

நாள் முழுக்கத் துடுப்புப் போட வேண்டுமென்றால் சன்ஸ்காரில் சிலிங்–நிம்மு சுமார் 28 கிலோமீட்டர், கங்கையில் கௌடியாலா–ரிஷிகேஷ் சுமார் 36 கிலோமீட்டர். என் ஓட்டு சன்ஸ்காருக்கு. கங்கையில் ரேபிட்கள் அருமையானவை, ஆனால் பத்ரிநாத் சாலை தலைக்குமேலேயே வருகிறது. ஹாரன் சத்தத்தில் காடு ஏது? காடும் மலையும் வேண்டும், காவிரியாகவும் இருக்க வேண்டும் என்றால் மேகதாதுவுக்கும் ஒகேனக்கலுக்கும் இடைப்பட்ட பகுதிதான் அழகில் முதலிடம். ஆனால் அது வனவிலங்குச் சரணாலயம், முதலை உள்ள ஆறு. வனத்துறை அனுமதியில்லாமல் நினைக்கவே கூடாது.

தூரத்தை நேரமாக மாற்றும்போதுதான் பலரும் தவறு செய்கிறார்கள். ஓட்டம் மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் 28 கிலோமீட்டர் ஐந்து மணி நேரத்துக்குள் முடியவேண்டும். ஆனால் பெரிய ரேபிட் ஒவ்வொன்றுக்கும் கரையேறி, பாறைமேல் நின்று பார்த்து, ஒவ்வொரு படகாக இறக்கினால் ஒன்றுக்கு அரை மணி நேரம் போய்விடும். அப்படி ஆறு ரேபிட் என்றால் மூன்று மணி நேரம் கூடுதல். ஒருவர் கவிழ்ந்து துடுப்பைத் தொலைத்தால் அதற்கு இன்னொரு மணி நேரம். பத்து மணிக்குக் கிளம்பினால் பள்ளத்தாக்கில் வெளிச்சம் போனபிறகும் ஆற்றில் இருப்பீர்கள். எட்டு மணிக்கே தண்ணீரில் இருக்க வேண்டும். நடுவில் எந்தெந்த இடத்தில் கரையேறிச் சாலைக்கு நடந்து போக முடியும் என்பதை முந்தின நாளே வரைபடத்தில் குறித்து, படகில் வருகிற எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.