பாலோடும் உப்பு உண்டவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன், பாம்பன் பக்கம் கருவாடு விற்கும் ஓர் அம்மா வயிற்றுப் பொருமலுக்காக என்னிடம் வந்தார். இரத்த அழுத்தம் 180/110 இருந்தது. அரசு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு நாட்டு மருந்துக் கடையில் லவண பாஸ்கர சூரணம் வாங்கி, காலையும் மாலையும் மோரில் கலந்து குடித்து வந்திருக்கிறார். "நாட்டு மருந்துதானே டாக்டரம்மா, என்ன செஞ்சிரப் போகுது?" என்றார். அந்தச் சூரணத்தின் பெயரில் முதலில் நிற்கும் லவணம் என்ற சொல்லுக்கு உப்பு என்றுதான் பொருள். கடலுப்பு, இந்துப்பு உள்ளிட்ட பல உப்புகள் அதில் சேர்கின்றன. செரிமானத்துக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் இரத்த அழுத்தம் ஏறியிருந்த அவருக்கு அது ஆகாத மருந்து. அன்றே அவரை மீண்டும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, மாத்திரையைத் தொடரச் செய்தேன்.

ஆயுர்வேதத்தைப் பக்கவிளைவில்லாத மூலிகைகளின் தொகுதி என்று நம்புகிறவர்கள் இந்தக் கரையில் ஏராளம். அந்த நம்பிக்கைக்கு ஆயுர்வேத நூல்களில் இடமே இல்லை. ஆயுள், வேதம் என்ற இரு சொற்கள் சேர்ந்த பெயர் அது; ஆயுளுக்கு எது இதம் (நன்மை தருவது), எது அகிதம் (தீங்கு தருவது), ஆயுளின் அளவு என்ன என்பவற்றை அறிவதே ஆயுர்வேதம் என்று சரக சம்ஹிதை தொடக்கத்திலேயே வரையறுக்கிறது. நோய்கள் பெருகி மனிதரின் தவத்துக்கும் வாழ்வுக்கும் இடையூறானபோது முனிவர்கள் இமயச் சாரலில் கூடினார்கள் என்றும், பரத்வாஜர் இந்திரனிடம் கற்று வந்த அறிவை ஆத்ரேயர் தம் மாணவர் அறுவருக்குக் கற்பித்தார் என்றும் அந்நூல் தன் மரபைச் சொல்கிறது. அந்த அறுவரில் அக்னிவேசர் இயற்றிய நூலைச் சரகர் செப்பம் செய்தார். விடுபட்ட பகுதிகளைத் திருடபலர் நிறைவு செய்தார். அறுவை மருத்துவத்தை விரித்தது சுஸ்ருத சம்ஹிதை. இரண்டின் சாரத்தையும் பிற்காலத்தில் வாக்படர் அஷ்டாங்க ஹிருதயத்தில் செய்யுளாகத் தொகுத்தார். கடும் நஞ்சும் முறையாகச் சேர்த்தால் சிறந்த மருந்தாகும், மருந்தே முறை தவறினால் கடும் நஞ்சாகும் என்று சரகம் சொல்வதை, நாட்டு மருந்துதானே என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எடுத்துச் சொல்லி வருகிறேன்.

உப்பைப் பற்றிப் பேசும், அந்நூலின் விமானஸ்தானம் என்ற பகுதியின் முதல் அத்தியாயத்தை இந்தக் கரையில் இருந்துகொண்டு படிக்கும்போது, நமக்காகவே எழுதியது போல இருக்கிறது. மற்றப் பொருள்களைக் காட்டிலும் அதிகமாகப் பயன்படுத்தக் கூடாதவை மூன்று என்கிறது அது: திப்பிலி, காரம் (சாம்பலிலிருந்து எடுக்கும் க்ஷாரம்), உப்பு. உப்பு உணவுக்குச் சுவை தரும், செரிமானத்துக்கு உதவும்; அளவு மீறித் தொடர்ந்து உண்டால் உடலில் சோர்வையும் தளர்ச்சியையும் வலுவின்மையையும் உண்டாக்கும். பாலோடும் உப்பைச் சேர்த்து உண்ணும் பழக்கமுள்ள சிந்து, சௌராஷ்டிரம் போன்ற நாட்டு மக்களை எடுத்துக்காட்டி, உப்பு மிகுந்தவர்களுக்கு உரிய காலத்துக்கு முன்பே வழுக்கையும் நரையும் தோல் சுருக்கமும் வரும் என்கிறது. உவர் நிலத்தில் செடி கொடிகள் முளைப்பதில்லை, முளைத்தாலும் வீரியம் இருப்பதில்லை என்ற உவமையும் அங்கேயே வருகிறது. வாலிநோக்கம் உப்பளங்களின் ஓரத்தில் உமரியைத் தவிர வேறு பச்சை காணக் கிடைக்காத இடங்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஐம்பூதங்களில் நீரும் தீயும் மிகுந்தது உப்புச் சுவை என்பது சரகரின் கணக்கு. அது வாதத்தைத் தணிக்கும். பித்தத்தையும் கபத்தையும் ஏற்றும். (சித்த மருத்துவம் இம்மூன்றையும் வளி, அழல், ஐயம் என்கிறது.) நூல்கள் நிலத்தை வறண்ட ஜாங்கலம், நீர் மிகுந்த ஆனூபம், நடுத்தரமான சாதாரணம் என மூன்றாகப் பிரித்துக் கடற்கரையை ஆனூபத்தில் வைக்கின்றன. நம் கரையோ கடலை ஒட்டியிருந்தும் பனையும் சீமைக்கருவேலமும் நிற்கும் வறண்ட பூமி. ஆகவே இங்கே நூலை வரிக்கு வரி பின்பற்றாமல், எதிரில் இருக்கும் மனிதரை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் அனுபவம். வெயிலில் வல்லத்தில் (நாட்டுப் படகில்) வலை இழுத்து வியர்வையாக உப்பை இழப்பவருக்குச் சொல்லும் அளவை, நிழலில் அமர்ந்து கருவாடு விற்பவருக்குச் சொல்ல முடியாது. தொழில், உண்ணும் கருவாடு, குடிக்கும் கிணற்றின் உவர்ப்பு ஆகிய மூன்றையும் முன்பெல்லாம் நானும் கேட்டதில்லை. அந்த அம்மாவுக்குப் பிறகு கேட்காமல் மருந்து எழுதியதில்லை.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். பழகிப்போன அகிதத்தை ஒரே நாளில் நிறுத்தாமல் கால் பங்கு, கால் பங்காகக் குறைக்க வேண்டும் என்ற சரகரின் முறையையே நானும் சொல்கிறேன். நாக்கு அதற்குள் பழகிக்கொள்கிறது. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றிக் கொட்டிவிட்டுச் சமைத்தால் உப்பு கணிசமாக இறங்கும்.

இந்துப்புக்கு மாறிவிட்டோம், இனி கவலையில்லை என்று பலர் சொல்கிறார்கள். உப்புகளில் இந்துப்பே சிறந்தது என்று நூல்கள் சொல்வது உண்மை. ஆனால் அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். பெரும்பாலும் அயோடின் சேர்க்காமலேயே விற்பனைக்கு வருகிறது. சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. இருமலுக்காக அதிமதுரத்தை வாரக்கணக்கில் சுவைப்பதும் இரத்த அழுத்தத்தை ஏற்றும். இவற்றில் எதுவும் மாத்திரைக்கு மாற்றாகாது. அடுத்த முறை எந்த மருத்துவரிடம் சென்றாலும், மாத்திரை அட்டைகளோடு வீட்டிலுள்ள சூரண டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசைமேல் வையுங்கள்.