ஒளி ஊடுருவல்: துப்பாக்கித் தொலைநோக்கியின் ‘டிரான்ஸ்மிஷன்’

விலை உயர்ந்த துப்பாக்கித் தொலைநோக்கிகளின் விவரக்குறிப்பில் ‘லைட் டிரான்ஸ்மிஷன் 90 சதவீதத்துக்கு மேல்’ என்று ஒரு வரி இருக்கும். இதைத் தமிழாக்கினால் பல நேரம் ‘ஒளி பரிமாற்றம்’ என்று வந்து நிற்கிறது. பரிமாற்றம் என்றால் கொடுக்கல் வாங்கல். இங்கே வெளிச்சம் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் கண்ணுக்கு வருகிறது, அவ்வளவுதான். யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை.

சொல்லின் வேர் லத்தீன். ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால், ‘மித்தெரே’ என்றால் அனுப்புதல். இந்த ஒரே சொல்லைத் தமிழ் இடம் பார்த்துப் பிரித்துக்கொண்டது: மின்சாரத்துக்குத் தொடரமைப்பு, நோய்க்குப் பரவல், தொலைக்காட்சிக்கு ஒளிபரப்பு. அதனால் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவும் முடியாது. ஒளிபரப்பு என்றால் குழலுக்குள் செய்தி வாசிக்கிறார்களா என்று கேட்பார்கள். ‘ஒளிக்கடத்தல்’ என்றாலோ சுங்க அதிகாரிகள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

பாடப்புத்தகத்தில் படித்த ‘ஒளிபுகும் பொருள்’ நல்ல சொல்தான். ஆனால் புகுதல் உள்ளே போவதோடு நின்றுவிடுகிறது. இங்கே கேள்வியே எவ்வளவு வெளியே வந்தது என்பது. ஊடுருவுதல் என்றால் நடுவே துளைத்து அப்பால் போதல். எக்ஸ்ரேயை ஊடுகதிர் என்கிறோமே, அதே ‘ஊடு’. ஆகவே நிகழ்வுக்கு ஒளி ஊடுருவல், எண்ணுக்கு ஊடுருவல் விழுக்காடு. என் வாக்கு இதற்கே.

அந்த எண் உண்மையில் இழப்பின் கணக்கு. பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். எட்டு வில்லை, பதினாறு பரப்பு என்று வைத்துக்கொண்டால் கடைசியில் மிஞ்சுவது 52 சதவீதம். பரப்புக்கு இழப்பு அரை சதவீதமாகக் குறைந்தால் 92 சதவீதம் வந்து சேரும். வித்தியாசம் முழுக்கப் பூச்சில் இருக்கிறது. 1935-இல் ஜெர்மனியின் ஜெயிஸ் நிறுவனத்தில் இருந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா இதற்குக் காப்புரிமை வாங்கினார்; இன்றைய உக்ரைனில் பிறந்தவர். மெக்னீசியம் புளோரைடை ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனில் படியவைத்தால், பூச்சின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். அப்படி மிச்சமான வெளிச்சம் உள்ளே போகும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ‘ஆன்டி கிளேர்’ மூக்குக்கண்ணாடியை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். விளக்கின் பிம்பம் வெள்ளையாகத் தெரியாது, மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். பூச்சு அழிக்காமல் விட்ட மீதிதான் அந்த நிறம்.

அப்புறம், விழுக்காடு மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. குழலின் உட்சுவரில் பட்டுச் சிதறும் வெளிச்சமும் கண்ணுக்கு வந்து, காட்சியில் பால் கலந்ததுபோல் வெளிறல் போடும். வில்லைகளின் விளிம்புக்குக் கறுப்புப் பூசுவது, உட்சுவரைப் பளபளப்பில்லாத கறுப்பாக்குவது, நுண்ணிய வரிகள் வெட்டுவது எல்லாம் அதைத் தடுக்கத்தான். கைவேலையின் தரம் இங்கேதான் தெரியும், விளம்பரத்தில் தெரியாது.

‘ஸ்கோப்’புக்கும் ஒரு வார்த்தை. கிரேக்கத்தில் ‘ஸ்கோபோஸ்’ நோக்குபவனையும் குறிக்கும், அவன் குறிவைக்கும் இலக்கையும் குறிக்கும். ஜெர்மானியர்கள் குறி, தொலை, குழல் என்ற மூன்றையும் ஒட்டி ‘ட்ஸீல்ஃபெர்ன்ரோர்’ என்கிறார்கள். நமக்குக் ‘குறிநோக்கி’ போதும்.

ஜெர்மனியில் இரவுநோக்குக் கருவிகளை வேட்டைக்குப் பயன்படுத்த நெடுங்காலம் தடை இருந்தது. நிலா வெளிச்சத்தில் உயரமான மேடையில் காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவர்கள் 8x56 குறிநோக்கியை விரும்பினார்கள். 56 மில்லிமீட்டர் முகப்பு வில்லையை 8 மடங்கு உருப்பெருக்கத்தால் வகுத்தால் 7: கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம், மில்லிமீட்டரில். இருட்டில் நன்றாக விரிந்த கண்பாவையின் அளவும் அதுதான். அந்த இருட்டில் கண் கூர்மையாக உணர்வது 507 நானோமீட்டர் பக்கத்து நீலப்பச்சையை; பகலிலோ 555. அதனால் பகல் ஊடுருவல், இரவு ஊடுருவல் என்று இரண்டு எண் கேட்பது நியாயம். வயது ஏற ஏறக் கண்பாவை அவ்வளவு விரியாது. 5 மில்லிமீட்டரோடு நின்றுவிட்ட கண்ணுக்கு, எல்லா வில்லையையும் ஊடுருவி வந்த வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதி பாவைக்கு வெளியேதான் விழும்.