கோடு நடுங்கினால் முதலில் கையைக் குறை சொல்லாதீர்கள்

காகிதத்தில் பிரமாதமாக வரைகிறவர்கள்கூட கிராபிக்ஸ் டேப்லெட் (பேனாவால் வரைந்தால் கணினித் திரையில் கோடு விழும் பலகை) வாங்கிய முதல் வாரத்தில் சோர்ந்துபோகிறார்கள். கோடு நடுங்குகிறது, நினைத்த இடத்தில் பேனா விழுவதில்லை. "நமக்கு இது சரிப்பட்டு வராது" என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். டிஜிட்டல் ஓவியம் சொல்லித்தரும் வேலையில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர்களுடைய டேப்லெட் அமைப்பைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

திரை இல்லாத டேப்லெட்டில் கை மேசையில் இருக்கும், கண் மானிட்டரில் இருக்கும். மவுஸ் போல இதைத் தூக்கித் தூக்கி நகர்த்த வேண்டியதில்லை. டேப்லெட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் திரையில் ஒரு நிலையான புள்ளி உண்டு. பேனாவை இடது மேல் மூலைக்குக் கொண்டுபோனால் கர்சரும் அங்கேதான் போகும். இந்தப் பொருத்தத்தை மூளை பழகுவதுதான் முதல் வேலை. பழக்கமில்லை என்று, பேனா மவுஸ் போலவே நகரும் மவுஸ் மோடுக்கு மாற்றிக்கொண்டால் அந்தப் பழக்கம் வரவே வராது.

இந்தப் பொருத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு நாணயத்தை டேப்லெட்டின் மேல் வைத்து அதைச் சுற்றி வரையுங்கள். திரையில் வட்டம் வந்தால் சரி. நீள்வட்டம் வந்தால், டேப்லெட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் ஒத்துப்போகவில்லை. 16:10 டேப்லெட்டை 16:9 மானிட்டரோடு இணைத்தாலே வட்டம் பக்கவாட்டில் கொஞ்சம் இழுபடும். ஒரே மாதிரி இரண்டு மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் சேர்த்து டேப்லெட்டை விட்டிருந்தால் வட்டத்தின் அகலம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். டிரைவரில் (டேப்லெட்டின் அமைப்புகளை மாற்றும் மென்பொருள்) ஒரு மானிட்டரை மட்டும் தேர்ந்தெடுத்து, விகிதத்தைப் பூட்டும் வசதியைப் போட்டுவிடுங்கள். டேப்லெட்டின் ஓரத்தில் கொஞ்சம் இடம் வீணாகும், பரவாயில்லை.

அப்புறம், கண்ணை மூடிக்கொண்டு இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுங்கள். கண்ணைத் திறந்தால் கோடு சாய்ந்திருக்கிறதா? கோட்டின் வலது முனை மேலே ஏறியிருந்தால் டேப்லெட்டை இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்புங்கள், கீழே இறங்கியிருந்தால் வலப்பக்கமாக. கோடு நேராக வரும்வரை இப்படிச் செய்து பாருங்கள். விசைப்பலகையை நடுவில் வைத்து டேப்லெட்டை ஓரத்தில் ஒதுக்கியிருப்பவர்கள் அதை மானிட்டருக்கு நேராகக் கொண்டுவந்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

பெட்டியில் 8192 பிரஷர் அளவுகள், அதாவது பேனாவின் அழுத்தத்தை இத்தனை படிகளாகப் பிரித்து உணரும் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 4096-க்கும் 8192-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் உணர முடியாது. எவ்வளவு மெல்லத் தொட்டால் கோடு விழத் தொடங்குகிறது, முழுத் தடிமன் வர எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது, இவைதான் முக்கியம். நிறைய அழுத்தினால்தான் தடித்த கோடு வருகிறது என்றால், டிரைவரில் பேனா முனையின் அழுத்தத்தை மென்மையான பக்கம் நகர்த்துங்கள். விண்டோஸில் பேனாவை வைத்தவுடன் ஒரு வளையம் தோன்றி கோடு தயங்கினால், அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் ஆகும் வசதியை அணைத்துவிடுங்கள்.

கிரிட்டா, கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் போன்ற மென்பொருள்களில் ஸ்டெபிலைசர் உண்டு. நடுக்கத்தைக் குறைக்கும், ஆனால் அதிகமாக வைத்தால் கோடு பேனாவுக்குப் பின்தங்கி வரும். கற்றுக்கொள்ளும்போது குறைவாக வைப்பதே நல்லது என்பது என் கருத்து. நீண்ட கோடுகளை மணிக்கட்டால் இழுக்காமல் தோளிலிருந்து கையை வீசி இழுத்தால் நடுக்கம் தானாகக் குறையும்.

இவ்வளவும் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் ஓவியம் மட்டும் இல்லை. கோடு சரியாக வராதவர்கள் பேனாவை இறுக்கிப் பிடிக்கிறார்கள், அழுத்துகிறார்கள், அன்டூ செய்து மறுபடி அழுத்துகிறார்கள். விரல் நுனி வெளுக்கும் அளவுக்குப் பிடித்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிப் (பேனாவின் முனை) சீக்கிரம் ஒருபக்கமாகத் தேய்ந்து கூர்மையாகி, டேப்லெட்டைக் கீறும். நிப்பை மாற்றிவிடலாம். மணிக்கட்டை மாற்ற முடியாது. அரை மணிக்கொரு முறை பேனாவைக் கீழே வைத்து விரல்களை விரித்து மூடுங்கள். கட்டைவிரலின் அடியில் வலி தங்கினாலோ, இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனாலோ பொறுத்துக்கொண்டு வரையாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.